இங்கிலீசுப் பாடத்தில வெள்ளைக்காரன்ர பழக்கவழக்கம் எதுக்கு?

24.02.2024, ஒரு வாசகர் கேட்டது

மகள் ஆறாம் வகுப்பு. நேற்று அவவின்ர இங்கிலீசுக் கொப்பியைத் திறந்து பாத்தன். பனி கொட்டுது, பிள்ளை கையுறை போடுது, கிறிஸ்மஸ் மரத்துக்கு லைற் கட்டுது. இஞ்ச வெயிலுக்கு ஆக்கள் வெளிக்கிட ஏலாமல் கிடக்கு. இங்கிலீசு தேவை, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, வேலை எடுக்கவும் வெளிய போகவும் ஒரு கருவி. மொழியை மட்டும் படிப்பிச்சுவிட்டால் காணாதோ? அவங்கட பண்பாடு எங்கட பிள்ளையளுக்கு எதுக்கு? பனையும் நல்லூரும் வைச்சு இங்கிலீசு படிப்பிக்க ஏலாதோ?

24.02.2024, இரவு

நான் வலிகாமத்தில ஒரு அரச பள்ளிக்கூடத்தில இங்கிலீசு படிப்பிக்கிறன். நீங்கள் கேட்டதை கனபேர் கேக்கினம், அதிபர்மார் கூட. எனக்கு உதில உடன்பாடில்லை, ஏன் எண்டு சொல்லுறன்.

முதல்ல கிறிஸ்மஸ். குருநகர், பாசையூர் பக்கம் மார்கழியில ஒருக்கால் போய்ப் பாருங்கோ. அங்க பாலன் குடில் கட்டுற பெடியள் ஆரின்ர பழக்கத்தைச் செய்யினம்? அது எப்பவோ எங்கட ஆகிட்டுது. பிறகு பனி. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு பனி தூரத்துச் சாமான் எண்டு ஆர் சொன்னது? என்ர வகுப்பில சித்தப்பாவோ மாமாவோ மச்சாளோ ஸ்காபரோவில, லண்டனில, பாரிசில, ஒஸ்லோவில இல்லாத வீடு தேடிப் பிடிக்கவேணும். தை மாசம் விடிய வட்சப்பைத் திறந்தால் பனிக்குள்ள கார் புதைஞ்ச படம் வருது.

நான் என்ன செய்தன் எண்டால், அந்தப் பாடம் வரேக்க சங்கானைச் சந்தையில மீன் பெட்டிக்குப் போடுற ஐஸ் தூள் கொஞ்சம் கேட்டு வாங்கி ரெஜிபோம் பெட்டியில போட்டுக்கொண்டு போனன். மீன் மணம்தான், பரவாயில்லை. மேசையில கொட்டி எல்லாரையும் கைவைக்கச் சொன்னன். முதலாவது வாங்கில இருந்த பெடியன் உடன கையை எடுத்திட்டான், பிறகு திரும்ப வைச்சான், உதுக்குள்ள எப்பிடி ரீச்சர் பள்ளிக்கூடம் போறது எண்டு கேட்டான். கடைசி வாங்கில இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். வகுப்பில வாயே திறக்காத பிள்ளை. பெரியப்பா கனடாவில, விடிய வேலைக்குப் போகமுதல் வாசல்ல கிடக்கிற பனியை வழிச்சுத் தள்ளோணும், தள்ளாமல் ஆரும் வழுக்கி விழுந்தால் அவருக்குத்தான் கரைச்சல் எண்டு தமிழில மடமடவெண்டு சொன்னாள். நான் ஒவ்வொரு வசனமா இங்கிலீசில போர்டில எழுதினன். அண்டைக்குப் பாடப் பந்தியை வாசிக்கிறதுக்கு நான் ஒருத்தரையும் வெருட்டத் தேவைப்படேல்லை.

அந்தப் பிள்ளைக்கு அது வெள்ளைக்காரன்ர பழக்கவழக்கம் இல்லை. பெரியப்பான்ர பழக்கவழக்கம்.

25.02.2024

பனையையும் நல்லூரையும் பற்றிக் கேட்டதுக்கு மறுமொழி எழுத விட்டுப்போச்சு. கட்டாயம் வேணும். ரெண்டும் வேணும். கீழ இன்னொரு வாசகர் "அப்ப எங்கட பண்பாட்டை ஒதுக்கச் சொல்லுறீங்களோ" எண்டு கேட்டிருக்கிறார், நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. ஆனால் பனையை மட்டும் வைச்சுப் படிப்பிச்சால் பிள்ளை தனக்குத் தெரிஞ்சதைத்தான் திரும்பச் சொல்லும், மற்றாள் என்ன நினைக்குது எண்டு விளங்கிக்கொள்ளாது. இங்கிலீசு படிக்கிறதே மற்றாளோட கதைக்கத்தானே.

27.02.2024

மொழி மட்டும் காணும் எண்டவைக்கு என்ர வீட்டில நடந்த ஒண்டு.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கான்ர மகன் லண்டனில இருந்து வந்தவன். அங்க பிறந்து வளந்த பிள்ளை, தமிழ் விளங்கும், கதைக்கிறது குறைவு. அம்மா தேத்தண்ணி குடுத்தால் தாங்க்யூ, தோசை வைச்சால் தாங்க்யூ, தண்ணி குடுத்தாலும் தாங்க்யூ. ரெண்டாம் நாள் அம்மா குசினிக்குள்ள வந்து என்னட்ட சொல்லுறா, "நான் என்ன பிறத்தியாளே, பேரன் ஏன் இப்பிடி எட்டத்தில வைச்சுக் கதைக்கிறான்" எண்டு. கண் கலங்கிட்டா. அவன் பக்கம் போனால் அவனுக்கும் ஒரு கவலை. அம்மம்மா தன்னட்ட பிளீஸ் சொல்லாமல் "அதை எடு, இதில இரு, சாப்பிடு" எண்டு கட்டளை போடுறா, தன்னில கோவமோ எண்டு கேக்கிறான். ரெண்டுபேரும் உயிர். ரெண்டுபேரும் ஒராளை ஒராள் பிழையா விளங்கி வைச்சிருக்கினம். சொல் ஒண்டிலயும் பிரச்சினை இல்லை, எல்லாச் சொல்லும் எல்லாருக்கும் விளங்கினதுதான்.

எங்கட சனத்துக்கு மரியாதை வினைச்சொல்லின்ர கடைசியில இருக்கு. வாங்கோ, இருங்கோ எண்டு சொன்னால் அதிலயே முடிஞ்சுது. அன்பு சாப்பாட்டில இருக்கு, நன்றியை வாயால சொல்லுறேல்லை. இங்கிலீசில வினைச்சொல் எல்லாருக்கும் ஒண்டுதான், அதால மரியாதையை வேற சொல்லுப்போட்டுக் காட்டவேணும். இது தெரியாமல் எங்கட கெட்டிக்காரப் பிள்ளையள் கம்பஸுக்கும் கொம்பனிக்கும் ஈமெயில் எழுதினால் "எனக்கு விண்ணப்பப் படிவம் அனுப்பு" எண்ட தொனியில போய் நிக்கும். இலக்கணம் சரி. வாசிக்கிறவருக்கு முகம் சுருங்கும். பிள்ளைக்கு ஏன் மறுமொழி வரேல்லை எண்டு கடைசிவரைக்கும் தெரியவராது.

இன்னொண்டு, கண். பெரியாக்களோட கதைக்கேக்க நிலத்தைப் பாத்துக் கதைக்கிறது எங்களுக்கு அடக்கம். நேர்முகத்துக்கு கொழும்பில ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போன என்ர பழைய மாணவி அப்பிடித்தான் கதைச்சிருக்கிறாள். தன்னம்பிக்கை காணாது எண்டு சொல்லி அனுப்பிவிட்டிட்டினம். அவள் வகுப்பில முதலாம் பிள்ளை. இதை நான் படிப்பிக்காமல் ஆர் படிப்பிக்கிறது? பண்பாட்டை விட்டிட்டு மொழியை மட்டும் குடுங்கோ எண்டால் அந்தப் பிள்ளைக்குப் பாதியைத்தான் குடுக்கிறம்.

02.03.2024

மிசனரிமார் எங்களை அடிமையாக்கத்தான் இங்கிலீசு படிப்பிச்சவை, அதைத்தான் நாவலர் எதிர்த்தவர் எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்லாமல் விடேலாது.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 இல. 1823 இல வட்டுக்கோட்டையில செமினரி எண்டு ஒரு உயர்கல்விக்கூடம் தொடங்கினவை, டானியல் பூவர் முதல் அதிபர். மதம் மாத்துறதுதான் அவையின்ர நோக்கம், அதில ஒளிவுமறைவு இல்லை. பிள்ளையளுக்கு அமெரிக்காவில காசு அனுப்பினவையின்ர பேரை வைச்சவை. 1841 இல உதயதாரகை பத்திரிகை வந்துது, அதின்ர முதல் ஆசிரியர்மார் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். வாசிச்சால் வெள்ளைக்காரர் எண்டு நினைப்பியள். ரெண்டுபேரும் எங்கட ஆக்கள். தாய் தேப்பன் வைச்ச பேரை எடுத்துப்போட்டு வேற பேர் வைக்கிறது எவ்வளவு பெரிய வேலை எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கேள்வி கேட்ட அண்ணை பயப்பிடுறது இதுக்குத்தான் எண்டால், அந்தப் பயம் நியாயம்.

ஆனால் அதே செமினரியில கணிதம், வானசாஸ்திரம், இங்கிலீசோட சேத்து தமிழ் இலக்கியமும் படிப்பிச்சவை. அங்க படிச்ச சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைதான் மதராஸ் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியளில ஒராள். அவர் பிறகு என்ன செய்தவர்? ஏடு ஏடாத் தேடி தமிழ் நூலுகளை அச்சுக்குக் கொண்டு வந்தவர், 1887 இல கலித்தொகை அவரால வந்துது. இங்கிலீசு படிச்சு தமிழை விட்டவர் எண்டு அவரை ஆரும் சொல்லேலுமோ? உதயதாரகையும் ரெண்டு மொழியிலயும் வந்த பத்திரிகைதான்.

நாவலர் விசயம். அவர் யாழ்ப்பாணத்தில வெஸ்லியன் மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சு, அங்கயே படிப்பிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பிலயும் வேலை செய்தவர். 1848 இல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினது அதுக்குப் பிறகு. அச்சுக்கூடம், வகுப்பு, வசனநடையில பாடப்புத்தகம், மேடைப் பிரசங்கம் எல்லாம் மற்றப் பக்கத்திட்ட இருந்து பாத்துப் பழகி சைவத்துக்குப் பாவிச்சவர். பிறகு சைவப் பிள்ளையளுக்கு எண்டு ஒரு இங்கிலீசுப் பள்ளிக்கூடமும் தொடங்கினவர், காசு காணாமல் அது நிலைக்கேல்லை. அவர் எதிர்த்தது மதமாற்றத்தை. இங்கிலீசை இல்லை. அவங்களை உள்ளுக்க நிண்டு அறிஞ்சபடியால்தான் அவரால அவ்வளவு வடிவா எதிர்க்க ஏலுமா இருந்துது.

எதிராளின்ர பழக்கவழக்கத்தைத் தெரிஞ்சுகொள்ளுறது ஒண்டு, அதுக்குள்ள கரைஞ்சு போறது வேறொண்டு.

03.03.2024

ஒரு சின்னச் சேர்க்கை. இந்த வாக்குவாதம் புதுசில்லை. 1855 இல செமினரியை மூடினதே இதாலதான். பொஸ்ரன்ல இருந்து மிசன் சபையின்ர செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து பாத்திட்டு, இங்கிலீசு படிச்சவங்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போறாங்கள், இனித் தமிழில படிப்பிச்சால் காணும் எண்ட பக்கம் நிண்டவர். அதாவது இங்கிலீசு வேண்டாம் எண்டு வெள்ளைக்காரர் சொல்ல, வேணும் எண்டு எங்கட சனம் நிண்டது. 1872 இல யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில வந்ததுக்கு அந்தச் சனத்தின்ர ஆசையும் ஒரு காரணம். பிறகு அந்த இங்கிலீசுதான் எங்கட பூட்டன்மாரை மலாயா றெயில்வேக்கும் கந்தோருகளுக்கும் கொண்டுபோனது. மலாயன் பென்சன்காரர் கட்டின வீடுகள் இண்டைக்கும் ஊருக்கு ஊர் நிக்குது.

மற்றது மானிப்பாய் டொக்டர் கிறீன். அமெரிக்கர், 1847 இல வந்தவர், மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சு மருத்துவப் புத்தகங்களைத் தமிழில கொண்டு வந்தவர். அறிவுக்கு இங்கிலீசுதான் வாசல் எண்டு சொல்லுறவைக்கு அவர்தான் மறுமொழி. நானும் அப்பிடிச் சொல்லேல்லை.

09.03.2024

கொஞ்சம் விலத்திப் போறன். வடக்கின் பெருஞ்சமர் கிழமை எண்டபடியால் வகுப்பில பெடியளுக்கு மனம் இல்லை, எனக்கும்தான். யாழ்ப்பாணத்துச் சென்றல் கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 இல இருந்து விளையாடுற கிரிக்கெற் மட்ச். மைதானத்துக்கு வெளிய நிண்டு பாத்தன், வகுப்பில ஒரு வசனம் சொல்லக் கூச்சப்படுற பெடியங்கள் இங்கிலீசில பனர் எழுதிப் பிடிச்சுக்கொண்டு, அம்பயரோட இங்கிலீசில சண்டை பிடிக்கிறாங்கள். கிரிக்கெற் வெள்ளைக்காரன்ர எண்டு ஆரும் அங்க நினைக்கேல்லை.

நான் இங்கிலீசு கேட்டுப் பழகினதும் கிரிக்கெற்றிலதான். 1995 ஐப்பசி முப்பது, சண்டையால வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு, நாங்களும் வெளிக்கிட்டு மீசாலையில ஒரு வீட்டு விறாந்தையில இருந்தம். கறன்ற் இல்லை, அது அதுக்கு முன்னம் கன வருசமா இல்லை, பற்றறியும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோ பாடும். 1996 பங்குனி 17, லாகூரில இலங்கை விளையாடின உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அந்த விறாந்தையில ஆர் வெல்லவேணும் எண்டதில ஒற்றுமை இருக்கேல்லை, அதை இப்ப எழுதத் தேவையில்லை. ஆனால் எல்லாரும் கேட்டவை. நாங்கள் சின்னாக்கள் மாறி மாறி மிதிச்சம். மிதிக்கிறது குறைஞ்சால் வர்ணனையாளரின்ர குரல் இறங்கி மங்கிப்போகும், பெரியாக்கள் கத்துவினம், திரும்ப வேகமா மிதிக்க குரல் ஏறும். எனக்கு அரவாசிக்கு மேல விளங்கேல்லை. ஆனால் குரல் ஏறினால் பவுண்டறி, இறங்கினால் அவுட் எண்டு பிடிபட்டுது. பக்கத்தில இருந்த ஒரு ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஐயா ஒவ்வொரு ஓவர் முடிய அதைத் தமிழில சொல்லுவார், நான் காதில விழுந்ததையும் அவர் சொன்னதையும் பொருத்திப் பாப்பன். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை, ரியூசன் இல்லை. இண்டைக்கும் என்ர வகுப்பில முதல் கேக்கிறது, பிறகுதான் வாசிக்கிறது.

16.03.2024

ஒரு தாய் தனிமடலில எழுதியிருக்கிறா: மேயில ஓஎல் சோதனை, மகனுக்கு இங்கிலீசுக் கட்டுரை வரேல்லை, எதைப் பாடமாக்க விடுறது எண்டு. இஞ்சயே எழுதுறன், கனபேருக்கு உதவும்.

ஒண்டையும் பாடமாக்க விடாதேங்கோ. ரியூட்டறியில அச்சடிச்சுக் குடுக்கிற கட்டுரையளை நான் வருசா வருசம் திருத்துறன். நான் போன சுற்றுலா எண்டு கேட்டால் ஒரு வகுப்பு முழுக்க சீகிரியாவுக்குப் போட்டு வந்திருக்கும், எல்லாரும் ஒரே இடத்தில நிண்டு ஒரே சாப்பாடு சாப்பிட்டு ஒரே நேரம் களைச்சுப்போய் வீட்ட வந்திருப்பினம். அரைவாசிப் பிள்ளையள் வவுனியா தாண்டினதில்லை.

போன தவணை ஒரு பெடியனைக் கூப்பிட்டு, உண்மையா எங்க போனனீ எண்டு கேட்டன். நயினாதீவுக்கு எண்டான். அதை எழுது எண்டன். இங்கிலீசு வராது மிஸ் எண்டான். வந்த அளவுக்கு எழுது எண்டு விட்டன். அவன் எழுதினதைத் தமிழ் எழுத்திலயே தாறன்: "போட் இஸ் புல். மை அம்மம்மா ஹோல்ட் மை சேர்ட். சீ வோட்டர் கம் இன்சைட். அம்மம்மா சே நாகபூசணி நாகபூசணி." எத்தினை பிழை எண்டு எண்ணலாம். ஆனால் குறிகட்டுவானில இருந்து போட்டில போன ஆருக்கும் இது உடன கண்ணுக்கு முன்னால வரும், கிழவி சட்டையைப் பிடிச்ச பிடி எனக்கு இப்பவும் தெரியுது. நான் சிவப்புப் பேனை எடுக்கேல்லை. பக்கத்தில இருத்தி, அம்மம்மா நேற்றுப் பிடிச்சவவோ இப்ப பிடிக்கிறாவோ எண்டு கேட்டன். நேற்று எண்டான். அப்ப வினைச்சொல்லு மாறவேணும் எண்டு அவனே கண்டுபிடிச்சு ஒவ்வொண்டா மாத்தினான். இறந்தகாலத்தை பலகையில எத்தினையோதரம் எழுதிப் போட்டும் ஏறாதது அண்டைக்கு ஏறிச்சுது.

பனையும் நல்லூரும் வைச்சுப் படிப்பிக்க ஏலாதோ எண்டு முதல்ல கேட்டவருக்கு, எழுதுறதுக்கு உங்கட பக்கம்தான் சரி எண்டு இப்ப இன்னும் உறுதியாச் சொல்லுவன். பிள்ளை எழுதவேண்டியது தன்ர நயினாதீவை. வாசிக்கவேண்டியது மற்றாக்களின்ர ஊரை.

18.03.2024

வகுப்புக்குள்ள தமிழ் கதைச்சால் குற்றப்பணம் எண்டு ஒரு பள்ளிக்கூடம் வைச்சிருக்காம், அது நல்லதோ எண்டு கேள்வி.

கூடாது. நான் கண்ட வரைக்கும் குற்றப்பணம் வைச்சால் பிள்ளை இங்கிலீசு கதைக்கிறேல்லை, ஒண்டும் கதைக்கிறேல்லை. காசு குடுக்க ஏலாத வீட்டுப் பிள்ளை முதல் வாயை மூடும். மேல சொன்ன பனிக் கதையை அந்தப் பிள்ளை தமிழில சொன்னபடியால்தான் நாங்கள் இங்கிலீசில எழுதினம்.

ஆறாம் வகுப்பில இருந்து கணிதம் விஞ்ஞானத்தை இங்கிலீசில படிக்கிற திட்டம் 2002 இல வந்தது, அதில சேக்கலாமோ எண்டும் ரெண்டுபேர் கேட்டிருக்கிறீங்கள். பள்ளிக்கூடத்தில அந்தப் பாடத்தை இங்கிலீசில விளங்கப்படுத்தக்கூடிய ஆசிரியர் இருக்கிறாரோ எண்டு முதல் கேளுங்கோ. இருந்தால் சேருங்கோ. இல்லாட்டி, பிள்ளை பின்னேரம் அதே பாடத்தைத் தமிழில ரியூசன் எடுத்து இரவு இங்கிலீசில எழுதும், நான் கண்ணால கண்டிருக்கிறன், பாவம். 1945 இல இலவசக் கல்வி வரமுதல் நல்ல இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவேணும், ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கேல்லை. இப்ப கட்டணம் இல்லாமல் அதே பிரிவு திரும்ப வருது. நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இருக்கினம், தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆள் இல்லை. எனக்கு சரியான கவலை உதில. பனி வேணுமோ பனை வேணுமோ எண்டு நாங்கள் இஞ்ச கதைக்கிறம், நெடுந்தீவுப் பிள்ளைக்கு ரெண்டையும் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்.

24.03.2024

கேள்வி கேட்ட அண்ணை திரும்ப எழுதியிருக்கிறார். மகளிட்ட கேட்டவராம், அவவுக்கு அந்தப் பனிப் பாடம்தான் பிடிச்சதாம், ரொறன்ரோவில இருக்கிற மச்சாளிட்ட அதைப் பற்றிக் கேக்க ஆசையாம், ஆனால் மச்சாள் வேகமா கதைக்கிறபடியால் வெக்கமாம். நல்லது அண்ணை. வீடியோவில கதைக்க விடாதேங்கோ முதல்ல. வட்சப்பில குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கோ. பிழைச்சால் அழிச்சிட்டுத் திரும்பச் சொல்லலாம், அங்கால இருந்து வாறதை மெதுவா வைச்சு எத்தினைதரமும் கேக்கலாம். மச்சாளுக்கும் ஒரு வேலை குடுங்கோ, அவ தமிழில அனுப்பட்டும். மகள் இங்கிலீசு, மச்சாள் தமிழ். ரெண்டுபேரும் தடக்குவினம், ஒருத்தி மற்றவளுக்கு முன்னால வெக்கப்படத் தேவையில்லை. என்ன கேக்கிறது எண்டு தெரியாட்டி, விடிய எழும்பி பள்ளிக்கூடம் போகும்வரைக்கும் என்ன செய்யிறனி எண்டு கேக்கச் சொல்லுங்கோ, அதுக்குள்ள எல்லாம் வரும்.

நானும் எட்டாம் வகுப்புக்கு இதை முறையாச் செய்வம் எண்டு நினைச்சிருக்கிறன். பிள்ளையளின்ர ஃபோன் பள்ளிக்கூடத்துக்குள்ள வரேலாது, அதால என்ர ஃபோனிலதான் பதியவேணும், தாய் தேப்பனின்ர கையெழுத்தும் வேணும். அதிபரிட்ட கடிதம் குடுத்திருக்கிறன். மறுமொழி இன்னும் வரேல்லை.